நான்கு தாள்களில் சிதறிக் கிடந்த ஒரு பாடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேத்தி போன் செய்தாள். பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டில் காலெடுத்து வைக்கிறாள். "தாத்தா, எலெக்டிவ் எடுக்கணும். நாளைக்குள்ள ஃபார்ம் குடுக்கணும். எதை எடுக்கட்டும்?" என்றாள்.

"என்னென்ன இருக்கிறது, வாசி" என்றேன்.

வாசித்தாள். கல்வெட்டியல், தொல்லியல் அறிமுகம், சுற்றுலாவியல், அருங்காட்சியகவியல், இந்தியப் பொருளாதார வரலாறு, சூழலியல் வரலாறு, பெண்கள் வரலாறு, மனித உரிமைகள், இதழியல். மூன்று ஆண்டுகளில் இவற்றிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். மற்றவை கட்டாயத் தாள்கள்.

"சீனியர்ஸ் எல்லாம் சுற்றுலாவியல் எடு, மார்க் வரும்னு சொல்றாங்க தாத்தா. கல்வெட்டியல் கஷ்டமாம்."

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சாயங்காலம் பேசுகிறேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். அன்று முழுவதும் யோசித்துக் கொண்டிருந்தேன். அவளுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் காலத்தில் தேர்வு செய்யும் தொல்லை இல்லை. நான் பி.யு.சி. முடித்து 1969-ல் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். என்ன படிக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. இந்திய வரலாறு, தமிழ்நாட்டு வரலாறு, இங்கிலாந்து வரலாறு, ஐரோப்பிய வரலாறு. துணைப்பாடமாகப் பொருளாதாரமும் அரசியலும். ஒவ்வொரு தாளும் காலவரிசையில் ஓடும். ஒரு மன்னர் இறப்பார், அடுத்தவர் பட்டத்துக்கு வருவார். போர், நிர்வாகம், கலை, வீழ்ச்சிக்கான காரணங்கள். பிறகு அடுத்த வம்சம். சத்தியநாதய்யரின் பாடநூல்களை வைத்துக்கொண்டு நாங்கள் இரவெல்லாம் உருப்போட்டது இதைப் படிக்கும் என் வயதுக்காரர்கள் பலருக்கும் நினைவிருக்கும்.

அந்த முறையைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாற்றுக்கென்று தனித்துறை 1914-ல்தான் வந்தது. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் அதன் முதல் பேராசிரியர். அவருக்குப் பிறகு வந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1930-களில் சோழர் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதினார். எந்த மன்னன் எப்போது ஆண்டான், யாருக்குப் பின் யார் என்பதையே ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளிலிருந்து அவர்கள் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. வரிசை தெரியாமல் வரலாறு இல்லை. அவர்கள் எலும்புக்கூட்டை அடுக்கிக் கொடுத்தார்கள். அதைப் படித்த நாங்கள் எலும்புக்கூட்டோடு நின்றுவிட்டோம் என்பதுதான் என் குறை.

என் கதையைச் சொன்னால் இது புரியும்.

முதலாண்டில் இங்கிலாந்து வரலாறு படித்தேன். 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற வில்லியம், இருபது ஆண்டுகள் கழித்து 1086-ல் நாடு முழுவதும் நிலக் கணக்கு எடுத்தான். யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை, அதன் மதிப்பு என்ன என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதினார்கள். அந்தப் பதிவேட்டுக்கு டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். ஒரு மாடு, ஒரு பன்றிகூட விடுபடாமல் எழுதிக்கொண்டு போனார்கள் என்று அந்தக் காலத்து எழுத்தர் ஒருவர் புலம்பியிருக்கிறார். இதை நான் "முதலாம் வில்லியமின் நிர்வாகம்" என்ற தலைப்பின் கீழ் ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்தேன்.

இரண்டாமாண்டில் தமிழ்நாட்டு வரலாறு. முதலாம் ராஜராஜன் காலத்தில், கி.பி. 1001-ஐ ஒட்டி, சோழநாட்டில் நிலம் அளக்கப்பட்டது. பிறகு முதலாம் குலோத்துங்கன் காலத்தில் மறுபடியும் அளந்தார்கள். அதே 1086-ஆம் ஆண்டு! அளக்கும் கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர். மூவடியால் உலகளந்த பெருமாளின் பெயரை அளவுகோலுக்கு வைத்திருக்கிறார்கள். வேலி, மா, காணி, முந்திரி என்று நிலத்தின் கணக்கு போகும். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. அதற்கும் கீழே கீழ்முந்திரி வரை பின்னம் போட்டு எழுதியிருக்கிறார்கள். நெல் விளையும் பூமிக்கு அவ்வளவு மதிப்பு. இதைச் "சோழர் நிர்வாகம்" என்ற தலைப்பில் பத்து மதிப்பெண்ணுக்குப் படித்தேன்.

இந்திய வரலாற்றில் முகலாயர் வந்தார்கள். அக்பரிடம் இருந்த ராஜா தோடர்மால் வருவாய்த் துறையைச் சீர்திருத்தினார். அதுவரை கயிற்றால் அளந்தார்கள். ஈரம் பட்டால் கயிறு சுருங்கும், வெயிலில் வேறு மாதிரி ஆகும். அளப்பவன் நினைத்தால் இழுத்தும் பிடிக்கலாம், தொய்யவும் விடலாம். ஆகவே மூங்கில் துண்டுகளை இரும்பு வளையங்களால் கோத்த அளவைக் கொண்டுவந்தார்கள். இடைவிடாமல் பயிராகும் நிலம், சில காலம் தரிசாகப் போடும் நிலம், மூன்று நான்கு ஆண்டு தரிசு, அதற்கும் மேல் தரிசு என்று நான்கு வகையாகப் பிரித்தார்கள். 1580-ல் பத்தாண்டுச் சராசரி விளைச்சலையும் விலையையும் வைத்துத் தீர்வை நிர்ணயித்தார்கள். இது "அக்பரின் சீர்திருத்தங்கள்."

கடைசியாக நவீன இந்தியா. 1792-ல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அதன் பொறுப்பை ஏற்றார். அவருக்குக் கீழே இருந்த உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. புலம் புலமாக அளந்து, பயிரிடுபவன் ஒவ்வொருவனோடும் நேரடியாகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறை அங்கேதான் உருவானது. பிறகு மன்றோ சென்னைக்கு கவர்னராக வந்தார். அண்ணா சாலையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். இது "பிரிட்டிஷாரின் நிலவரி முறைகள்." ஜமீன்தாரி, ரயத்துவாரி, மகல்வாரி என்று மூன்றையும் நிறை குறையோடு எழுத வேண்டும்.

இந்த நான்கையும் நான் படித்தேன். நான்கிலும் நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆனால் இந்த நான்கும் ஒரே பாடம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. குலோத்துங்கனும் வில்லியமும் ஒரே ஆண்டில் நிலம் அளந்தார்கள் என்பதையே நான் கவனிக்கவில்லை. ஒருவர் இங்கிலாந்துத் தாளில் இருந்தார், மற்றவர் தமிழ்நாட்டுத் தாளில் இருந்தார். அந்த இரண்டு நோட்டுப் புத்தகங்களும் என் மேசையில் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. அவ்வளவுதான்.

நிலத்தை ஏன் அளக்கிறார்கள்? அளப்பவன் யாருடைய ஆள்? கோல் யாருடையது? எழுதப்படும் பெயர் யாருடையது, விடுபடும் பெயர் யாருடையது? ஏடு போனால் என்ன ஆகும்? இந்த ஐந்து கேள்விகளை வைத்துக்கொண்டு நான்கு பாடங்களையும் ஒருமுறை சேர்த்துப் படித்திருந்தால், நான் அரசாங்க வேலையில் சேர்ந்தபோது வேறு ஆளாக இருந்திருப்பேன்.

நான் சேர்ந்தது வருவாய்த் துறையில். 1975-ல் இளநிலை உதவியாளர். வேலை கிடைத்தது அந்தப் பழைய பாராமகால் பகுதியிலேயே ஒரு தாலுகா அலுவலகத்தில். மன்றோ குதிரையில் சுற்றிய ஊர்களுக்கு நான் டவுன் பஸ்ஸில் போனேன். அலுவலகத்தில் பேசிய சொல்லில் பாதி முகலாயர் வழியாகவும் நவாபு வழியாகவும் வந்தது. தாசில்தார், தாலுகா, ஜில்லா, வசூல், ஜமாபந்தி, பசலி. பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருடம் வரும் என்று முதல் வாரமே சிரஸ்தார் சொல்லிக் கொடுத்தார். புல அளவைக்காரர்கள் சங்கிலியைத் தரையில் இழுத்துப்போகும் ஓசை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தோடர்மாலின் மூங்கிலையும் வளையத்தையும் நான்தான் பரீட்சையில் எழுதியவன். ஆனால் இந்தச் சங்கிலியைப் பார்த்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

1979-ல் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. யு.டி.ஆர். என்று சொல்வார்களே, அதுதான். பழைய பதிவேடுகளில் இறந்துபோனவர்கள் பெயரிலேயே நிலங்கள் இருந்தன. அவற்றைத் திருத்தி, உண்மையில் அனுபவிப்பவர் பெயருக்குக் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். நல்ல நோக்கம். லட்சக்கணக்கானவர்கள் பயன்பெற்றார்கள். நடுவில் 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அதுவும் வேண்டிய மாற்றம்தான். ஆனால் கர்ணத்தின் தலைக்குள் இருந்த கணக்கு, எழுதாத கணக்கு, அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது.

1982 என்று நினைவு. ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் துண்டு, கையில் ஒரு தகர டப்பா. அதில் மடித்து மடித்துக் கிழிந்த ஒரு காகிதம். அவருடைய முன்னோர் ஊர் ஏரியின் மடையைத் திறந்து மூடும் நீர்கட்டி வேலை பார்த்தவர்கள். அந்த வேலைக்காக அவர்களுக்கு விட்டிருந்த மானிய நிலம் அது. ஒரு ஏக்கருக்கும் குறைவு. புதுப் பதிவேட்டில் அது சர்க்கார் புறம்போக்கு என்று ஏறியிருந்தது. "எங்க பாட்டன் காலத்துல துரை குடுத்த காயிதம் சாமி" என்றார்.

நான் அதைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அச்சடித்து, நடுவில் கையால் எழுதி நிரப்பியிருந்தது. இனாம் கமிஷன் கொடுத்த உரிமைப் பத்திரம் என்று இப்போது எனக்குத் தெரியும். சென்னை மாகாணத்தில் 1858-ல் இனாம் கமிஷன் அமைத்தார்கள். கோயிலுக்கு, பிராமணருக்கு, ஊர் வேலைக்காரருக்கு என்று முந்தைய அரசர்கள் விட்டிருந்த வரியில்லா நிலங்களையெல்லாம் அது விசாரித்து, எண் போட்டுப் பத்திரம் கொடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1963-ல் சிறு இனாம்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி உரியவர் விசாரணைக்குப் போய்ப் பட்டா வாங்கியிருக்க வேண்டும். பெரியவரின் தகப்பனாருக்கு அது தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

அன்று எனக்கு இதில் எதுவும் தெரியாது. "பட்டா இருந்தா கொண்டு வாங்க. இது பழைய காகிதம், செல்லாது" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்த்தேனா என்று தெரியவில்லை. வரிசையில் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள்.

அவர் இன்னும் இரண்டு முறை வந்தார். மூன்றாவது முறைக்குப் பிறகு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்த ஊருக்கு ஜமாபந்தி வேலையாகப் போனபோது விசாரித்தேன். இறந்துவிட்டார் என்றார்கள். மகன் பெங்களூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போய்விட்டான். நிலத்தில் வேறு யாரோ கேழ்வரகு விதைத்திருந்தார்கள்.

பிறகுதான் நான் தேட ஆரம்பித்தேன். பழைய செட்டில்மெண்ட் பதிவேடுகளைப் புரட்டினேன். இனாம் என்ற சொல்லின் பின்னால் போனேன். அப்போதுதான் தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் இறையிலி என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதினேனே, அது வரியில்லா நிலம். தேவதானம், பிரமதேயம், பள்ளிச்சந்தம் என்று வரிசையாக மனப்பாடம் செய்தேனே, எல்லாம் யாருக்காக வரி நீக்கப்பட்டது என்ற பட்டியல். அதில் ஏரிப்பட்டி என்று ஒரு சொல் உண்டு. ஏரியைப் பராமரிப்பதற்காக ஒதுக்கிய நிலம். உத்திரமேரூரில் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஒரு குழு வருகிறது. குடவோலை முறையை அந்தக் காலத்து ஜனநாயகம் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வாரியத்துக்கு வர வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால்வேலியாவது இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும் என்றும் எழுதினேன். ஏரியை மேற்பார்க்கும் குழுவுக்கு இத்தனை தகுதி கேட்டார்கள். மடையில் இறங்கி மண்ணை வெட்டியவன் பெயரை அந்தத் தகுதிப் பட்டியலுக்குள் கொண்டுவர வழியே இல்லை என்பதை நான் பரீட்சைத் தாளில் எழுதவில்லை. கேள்வியும் அதைக் கேட்கவில்லை.

சோழர் காலத்து ஏரிப்பட்டிக்கும் அந்தப் பெரியவரின் மானியத்துக்கும் நேரான வாரிசுத் தொடர்ச்சி உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. நடுவில் விஜயநகரம், நாயக்கர், பாளையக்காரர், மைசூர், கம்பெனி என்று எத்தனையோ கை மாறியிருக்கிறது. ஒவ்வொரு கையிலும் விதி மாறியது. ஆனால் கேள்வி ஒன்றுதான். ஊருக்கு நீர் விடுகிறவனுக்கு ஊர் எப்படிக் கூலி கொடுத்தது? அந்தக் கூலியை அரசு எந்த ஏட்டில், என்ன பெயரில் எழுதியது? அந்தக் கேள்வியை இருபது வயதில் எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தால், அந்தத் தகர டப்பாவுக்குள் இருந்தது என்ன என்று எனக்குத் தெரிந்திருக்கும். நிலம் திரும்பக் கிடைத்திருக்குமா என்று சொல்ல முடியாது. குறைந்தபட்சம் அவரை உட்கார வைத்து, எந்த அதிகாரிக்கு மனு எழுத வேண்டும் என்று சொல்லியிருப்பேன்.

இதைத்தான் கருப்பொருள் வழியாக வரலாறு படிப்பது என்கிறார்கள். புது விஷயம் ஒன்றும் இல்லை. பிரான்ஸில் ஃபெர்னான்ட் ப்ரோதேல் 1949-லேயே மன்னரை விட்டு மத்தியதரைக் கடலை மையமாக வைத்துப் பெரிய புத்தகம் எழுதினார். நம் நாட்டில் டி.டி. கோசாம்பி 1956-ல் எழுதிய அறிமுக நூலும், இர்பான் ஹபீப் 1963-ல் முகலாயர் கால வேளாண்மை பற்றி எழுதிய நூலும் இந்தப் பாதையில் போனவை. தமிழ்நாட்டுக்கு ஜப்பானிலிருந்து வந்த நொபொரு கராஷிமா, திருச்சிப் பக்கத்தில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டே ஊர்களின் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு, நிலத்தை யார் எப்படி வைத்திருந்தார்கள் என்று ஒப்பிட்டார். ஓர் ஊரில் நிலம் பொதுவில் இருந்தது, பிரமதேயமான இன்னோர் ஊரில் தனித்தனி ஆள் பெயரில் இருந்தது என்று காட்டினார். பிறகு அவரும் எ. சுப்பராயலுவும் மட்சுய்யும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் தொகுத்து 1978-ல் வெளியிட்டார்கள். மன்னர் பெயருக்கு மட்டும் இருந்த மரியாதை அன்றைக்கு ஊர்க்காரன் பெயருக்கும் வந்தது.

பள்ளிக்கூடத்திலும் இது வந்துவிட்டது. என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்புக்கு 2006-லும் பன்னிரண்டாம் வகுப்புக்கு 2007-லும் கொண்டுவந்த வரலாற்றுப் புத்தகங்கள் கருப்பொருள் என்ற பெயரையே தலைப்பில் வைத்துக்கொண்டன. கல்லூரிகளிலோ விருப்பப்பாடம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் திறந்த கதவுக்குள் எதைப் பார்த்துப் போவது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் மார்க் எங்கே சுலபமாக வரும் என்று போகிறார்கள். அதுவும் அவர்கள் தப்பில்லை.

சாயங்காலம் பேத்தியை நானே கூப்பிட்டேன்.

"கண்ணு, முதலில் பட்டியலை மறந்துவிடு. உனக்கு எதைத் தெரிந்துகொள்ள ஆசை? மன்னர் பெயர் சொல்லாமல் சொல்லு" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "தாத்தா, எங்க காலேஜுக்குப் போற வழியில ஒரு ஏரி இருந்துச்சாம். இப்ப பஸ் ஸ்டாண்டு. அது எப்படி ஏரின்னு எழுதினதை பஸ் ஸ்டாண்டுன்னு எழுதினாங்க?" என்றாள்.

எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்தப் பெரியவரைப் பற்றி நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அவளுக்குச் சொன்ன யோசனைகளை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் கேட்கலாம்.

முதலாவது, காலவரிசைத் தாள்களைக் கேவலமாக நினைக்காதே. அவை கட்டாயத் தாள்களாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. 919-க்கு முன் எது, பின் எது என்று தெரியாதவன் ஏரி வாரியத்தையும் ஜமாபந்தியையும் ஒரே தட்டில் வைத்துக் குழப்பிக்கொள்வான். நூல் வேண்டும்தான். ஆனால் மணியைக் கோக்கவே நூல்.

இரண்டாவது, பட்டியலில் உள்ள தாளின் பெயரைப் பார்க்காதே, உள்ளே உள்ள பாடத்திட்டத்தைப் பார். உன் கேள்விக்கு அது பதில் சொல்லுமா என்று பார். ஏரி பஸ் ஸ்டாண்டான கதைக்குச் சூழலியல் வரலாறு உதவும். பொருளாதார வரலாறும் உதவும், ஏனென்றால் நிலவரி அதில்தான் வரும். இரண்டும் தனித்தனித் தாளாக இருந்தாலும் உனக்கு ஒரே நோட்டுப் புத்தகம் போதும்.

மூன்றாவது, ஒரு தாளாவது மூலச்சான்றைப் படிக்கக் கற்றுக் கொடுப்பதாக இருக்கட்டும். கல்வெட்டியல் கஷ்டம் என்பது உண்மைதான். வட்டெழுத்தும் கிரந்தமும் ஒரு நாளில் வராது. ஆனால் மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறவனுக்கும் தானே படித்துச் சொல்கிறவனுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் அந்த ஒரு தாளில் இருக்கிறது. காகிதம் கையில் இருந்தும் படிக்கத் தெரியாமல் நின்றவன் நான். நீ அப்படி நிற்காதே.

நான்காவது, உன் கேள்வியை வேறு நாட்டுக்கும் கொண்டுபோ. ஐரோப்பிய வரலாற்றுத் தாள் வரும்போது அங்கே பொதுநிலத்தை வேலி போட்டு அடைத்த கதை வரும். அதை உன் ஏரிப் பக்கத்தில் வைத்துப் பார். ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதே. எங்கே வேறுபடுகிறது என்று பார். கருப்பொருளைப் பிடித்துக்கொண்டவர்கள் விழுகிற குழி இதுதான். எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். வில்லியம் நிலத்தைக் கேட்டு எழுதினான், குலோத்துங்கன் கோலால் அளந்தான். 1802-ல் லாம்ப்டன் பரங்கிமலையிலிருந்து ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு போட்டு அளந்தாரே, அது வரி வாங்குவதற்கான அளவையே அல்ல. வரைபடத்துக்கும் பூமியின் வடிவம் பற்றிய அறிவுக்குமான அளவை. அவருடைய எஃகுச் சங்கிலி வெயிலில் நீளுமே என்று நிழல் கட்டி, வெப்பத்தைக் கணக்கில் எடுத்து அளந்தார்கள். கயிறு ஈரத்தில் சுருங்குமே என்று தோடர்மால் கவலைப்பட்டதும் இதுவும் ஒரே கவலைதான், நோக்கம் வேறு.

ஐந்தாவது, மார்க்கும் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. உன் அப்பா வரலாறு வேண்டாம், பி.காம். எடு என்று சொன்னபோது உனக்காகப் பேசியவன் நான். நீ குரூப் பரீட்சை எழுதினாலும் சரி, வேலைக்குப் போனாலும் சரி, ஒரு பொருளை அடியோடு தெரிந்து வைத்திருப்பவள் எந்த நேர்காணலிலும் தடுமாற மாட்டாள்.

சுற்றுலாவியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. கோயில் கலையையே தன் கேள்வியாக வைத்திருக்கும் பிள்ளைக்கு அது பொருத்தமான தாளாகக்கூட இருக்கலாம். கேள்வி எது என்பதைப் பொறுத்தது.

மறுநாள் அவள் கல்வெட்டியல், பொருளாதார வரலாறு, சூழலியல் வரலாறு மூன்றையும் எழுதிக் கொடுத்தாள். நான்காவதாகப் பெண்கள் வரலாறு. "பட்டாவில எங்கயுமே பாட்டிங்க பேரு இல்லையே தாத்தா, அது ஏன்னு பார்க்கணும்" என்றாள். அது எனக்குத் தோன்றவில்லை. நாற்பதாண்டு பட்டா எழுதிய கை இது.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பொதுப்பணித் துறையில் இருந்தவர்கள் உண்டு, ரயில்வேயில் இருந்தவர்கள் உண்டு, வாத்தியார்கள் உண்டு, மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறியவர்கள் உண்டு. நம் ஒவ்வொருவருடைய வேலையும் ஒரு கருப்பொருள்தான். மடை, தண்டவாளம், பள்ளிக்கூடம், விளக்கு. எந்தப் பல்கலைக்கழகத் தாளிலும் முழுதாக வராத விவரம் நம் தலைக்குள் இருக்கிறது. கர்ணத்தோடு வீட்டுக்குப் போன கணக்கு போல இதுவும் நம்மோடு போய்விடக் கூடாது. வரலாறு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அவர்கள் தாள் தேர்ந்தெடுக்கும் நாளில் பக்கத்தில் உட்காருங்கள். என்ன எடுக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால், எதைத் தெரிந்துகொள்ள ஆசை என்று கேளுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு அவள் வருகிறாள். புலப்படமும் 'அ' பதிவேடும் எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். பரணில் இருக்கும் பழைய நோட்டுப் புத்தகங்களை இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறேன். இந்த முறை அந்தத் தகர டப்பாவைப் பற்றியும் அவளிடம் சொல்லிவிட வேண்டும்.